வெறும் வயிற்றோடு வரவும்

கம்பத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது சென்னை என்று சொல்லித்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். விடிந்தபோது கிளாம்பாக்கத்தில் நிறுத்தி, "சென்னை வந்தாச்சு, எறங்குங்க" என்றார் கண்டக்டர். அது சென்னை என்றால் தேனியும் சென்னைதான். அங்கிருந்து கிண்டிக்கு ஒரு பஸ், கிண்டியில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு இன்னொரு பஸ். போய்ச் சேர்வதற்குள் உடம்பில் இருந்த தண்ணீர் எல்லாம் வேர்வையாகப் போய்விட்டது. அந்த ஊரைப் பற்றிய என் அபிப்பிராயம் அன்று காலையிலேயே உருவாகிவிட்டது. அதை மாற்றுவதற்கு அந்த ஊரும் பெரிதாக மெனக்கெடவில்லை.

மதுரையில் உணவியல் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு சுகாதார நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் கடைசி வருடத்துக்குள் விடுவார்கள். எனக்கு வாய்த்தது அபிராமபுரத்தில் ஒரு பங்களாவில் இயங்கிய சர்க்கரை நோய் விழிப்புணர்வு அறக்கட்டளை. அதை நடத்தியவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். மேடம் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் இன்சுலினைக் கண்டுபிடித்ததே அவர்தானோ என்று சந்தேகம் வரும்.

தங்கியது மயிலாப்பூர்க் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மாமி நடத்திய பெண்கள் விடுதியில். விடுதி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரே ஹாலை பிளைவுட் வைத்து நாலாகத் தடுத்திருந்தார்கள். பக்கத்துத் தடுப்பில் இருப்பவள் காதலனோடு சண்டை போட்டால், யார் பக்கம் நியாயம் என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடலாம். மாமிக்கு எங்கள் மேல் இருந்த ஒரே அக்கறை நாங்கள் எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதுதான். "ரெண்டு பக்கெட் ஜலத்துக்கு மேல நம்மாத்துல கிடையாதுன்னு சொல்லிண்டேதானே இருக்கேன்? நீ என்ன யானையா?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்பார். முட்டை கூடாது, ஹீட்டர் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது. வாடகை மட்டும் கூடும்.

அலுவலகத்தில் நான் உப்புக்குச் சப்பாணி. என்னோடு இன்னொரு இன்டர்ன் இருந்தான், அடையாறுப் பையன். வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதற்காக ஏழைகளோடு பழகிய அனுபவம் அவனுக்குத் தேவைப்பட்டது. காரில் வந்து இறங்குவான், ஏழைகளோடு பழகுவான், காரில் ஏறிப் போவான். எதற்கெடுத்தாலும் 'இம்பாக்ட்' என்பான். ஒரு கிழவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாலும் அது அவனுக்கு இம்பாக்ட்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவம் ஊருக்குப் புதுசு என்று என்னை தி.நகருக்குக் கூட்டிப்போனான். அந்த நெரிசலில் அவனே மூச்சுத் திணறி, பத்து நிமிடத்தில் ஒரு ஏசி கடைக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டான். நான் வெளியே நின்று கொய்யாப்பழம் தின்றேன்.

எங்கள் வேலை வீடு வீடாகப் போய்ச் சர்வே எடுப்பது. கையில் ஒரு டேப்லெட், பையில் ரத்தச் சர்க்கரை பார்க்கிற ஒரு மீட்டர். கேள்விகளை மேடமே தயாரித்திருந்தார். 'வாரத்தில் எத்தனை நாள் பழங்கள் உட்கொள்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. மயிலாப்பூரில் மீன் மார்க்கெட் பக்கம் ஒரு அம்மா, "வாயப்பயம் பயத்துல சேத்தியாமா?" என்று கேட்டார். சேர்த்தி என்றேன். "அப்போ டெய்லி எழுதிக்கோ, அவரு வெத்தல பாக்கோட வாங்கியாராரு" என்றார். 'தினமும் உடற்பயிற்சி செய்கிறீர்களா?' என்று அடுத்த கேள்வி. அந்த அம்மா மூன்றாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டே பதில் சொன்னார். அந்தக் கேள்வியில் மாடிக்குத் தண்ணீர் தூக்குவதற்குக் கட்டம் இல்லை.

பங்களாவின் பெருமையே அங்கே சர்க்கரை கிடையாது என்பதுதான். வாசலில் பெரிய எழுத்தில் 'இங்கே சர்க்கரைக்கு இடமில்லை' என்று பலகை. டீயில் ஏதோ இலையிலிருந்து எடுத்த இனிப்புப் பொடி. பிஸ்கட்டில் உப்புமில்லை, இனிப்புமில்லை. அட்டையைக் கடித்தால்கூட ஏதாவது ருசி இருக்கும். நான் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டோடு சின்ன வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து வைத்ததற்கு, மேடம் அதைக் கைக்குட்டையால் எடுத்து வெளியே தூக்கிப் போட்டார். செத்த எலியை எடுப்பதுபோல எடுத்தார்.

இந்த இடத்தில் பாய் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூருக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவில் ஒரு தெருவில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குள் உருது, வெளியே சென்னைத் தமிழ். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலையும் சாயங்காலமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நான் சர்வேக்குப் போன வீடுகளில் டேப்லெட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "நீ சாப்ட்டியா பேட்டா?" என்று முதலில் கேட்டது அவர்தான். அவர் மனைவி என்னை உட்காரவைத்து, சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்கு ஒரு வருடம் போய்விடும் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னைச் சர்வே எடுத்தது அந்த வீட்டில்தான்.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பெரிய முகாம் வைத்தார் மேடம். எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அவருடைய குரலே போனது: "காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள். ஆனால் உங்கள் மருந்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்." இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும் என்பது முதல் வருடப் பாடம். மேடத்திடம் சொன்னேன்.

"ஏழு மணிக்கு டெஸ்ட். ஏழரைக்கு ராகி இட்லி. அரை மணியில என்னம்மா ஆயிடும்? நீ டாக்டரா?" என்றார்.

நான் டாக்டர் இல்லைதான். அவரும் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே கூட்டம் வந்துவிட்டது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹாலுக்குள் மேடை, பூ அலங்காரம், எண்ணெய் ஊற்றித் தயாராக நின்ற குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினர் விளக்கேற்றிய பிறகுதான் முதல் விரலில் ஊசி படவேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. முதல் விரல் குத்தப்படுவதைப் போட்டோ எடுக்க ஆள் வைத்திருந்தார். தொடங்குமுன் எங்களை எல்லோர் முன்னாலும் நிறுத்திச் சத்தமாகச் சொன்னார்: "டெஸ்ட் முடியறவரைக்கும் யாருக்கும் தண்ணியத் தவிர எதுவும் தரக்கூடாது. தந்தீங்கன்னா சர்டிபிகேட்டை மறந்துடுங்க." பாய் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஹாலுக்குள் ஃபேனுக்குக் கீழே பெண்களோடு உட்கார்ந்திருந்தார்.

சிறப்பு விருந்தினர் ஏதோ ஒரு துறையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று யாருக்கும் ஞாபகமில்லை. அவருக்கு மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது. ஏழு மணிக்கு வரவேண்டியவர் வாக்கிங் முடித்து, குளித்து, பூஜை முடித்து, டிபனும் முடித்து வந்து இறங்கியபோது ஒன்பது அடித்திருந்தது. சரி, இப்போதாவது ஏற்றித் தொலைப்பார்கள் என்று நான் தீப்பெட்டியை எடுத்தேன். மேடம் என் கையைப் பிடித்தார்.

"சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். இப்ப எப்படி விளக்கேத்தறது?"

"டெஸ்ட்டை மட்டும் ஆரம்பிச்சிடலாமே மேடம்?"

"ராகு காலத்துல நல்ல காரியம் ஆரம்பிப்பாளா யாராவது? நீ எந்த ஊரு?"

விருந்தினரும் தலையை ஆட்டி ஆமோதித்தார். இருவரும் ஏசி அறைக்குள் போனார்கள். உலகத்திலேயே ராகு காலம் பார்த்து ரத்தம் எடுக்கிற ஒரே நிறுவனத்தில் நான் இன்டர்ன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே கத்திரி வெயில் தகரப் பந்தலைச் சுட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. இலவசமாகக் கொடுக்கிற இடத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்று இந்த ஊர் அவர்களுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது.

பாய்க்கு வேர்த்திருந்தது. அந்த வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? அதனால் யாருமே கவனிக்கவில்லை. நான் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது அவர் கை நடுங்கி, தண்ணீர் சட்டையில் கொட்டியது. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

"பாய், காலையில ஊசி போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். ஆனால் வேறு யாருக்கோ உருதுவில் பதில் சொன்னார். எனக்குப் புரிந்தவரை ஏதோ ஒரு காரின் பின்சீட்டு அளவு.

சமையலறைக்கு ஓடினேன். சர்க்கரை கேட்டேன். சமையல்கார அக்கா, "இந்த வூட்லயா? இன்னா வெளாடுறியா?" என்றார். இனிப்புப் பொடி இருந்தது, சர்க்கரை இல்லாத பிஸ்கட் இருந்தது, சர்க்கரை இல்லாத ஜாம்கூட இருந்தது. சர்க்கரை நோய்க்கென்றே கட்டிய வீட்டில், ஒரு சர்க்கரை நோயாளியின் உயிரைப் பிடித்து நிறுத்த ஒரு கரண்டி சர்க்கரை இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜாம் பாட்டிலை ஏசி அறைக் கதவில் வீசியிருப்பேன், நேரமில்லை.

கேட்டைத் தாண்டித் தெருமுனைக்கு ஓடினேன். கரும்புச் சாறு வண்டிக்காரர் அப்போதுதான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐஸ் போடாமல் இரண்டு கிளாஸ் பிழிந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வழியில் அடையாறுப் பையன் மறித்தான்.

"ஏய், ஷுகர் பேஷண்டுக்கு கரும்பு ஜூஸா? பைத்தியமா நீ? மேடம் பார்த்தாங்க, அவ்ளோதான்!"

"நகருடா எருமை," என்றேன். அவனை யாரும் அதற்குமுன் அப்படிக் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. நகர்ந்துவிட்டான்.

பாயின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். முதல் கிளாஸ் முடிந்து, இரண்டாவதில் பாதி இறங்கியபோதுதான் அவர் கண்ணில் ஆள் தெரிந்தது. டீக்கடையிலிருந்து ஒரு பன் வாங்கிவந்து கொடுத்தேன். மென்றார்.

"இன்னா பேட்டா ஆச்சு?"

"சுகர் எறங்கிடுச்சு பாய். இன்னிக்கு டெஸ்ட் வேணாம், வீட்டுக்குப் போயிடுங்க. இப்பப் பாத்தா தப்பாக் காட்டும்."

"நீ குட்த்தனு யார்கிட்டயும் சொல்லாத. உன் சர்டிபிகேட்டு போய்டும்," என்றார். சற்றுமுன்வரை தன் பெயரே தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் முதலில் யோசித்தது அதைத்தான்.

அவர் மனைவியைக் கூப்பிட்டுவரலாம் என்று நான் உள்ளே போனபோது பத்தரை ஆகிவிட்டது. மேடத்தின் கடிகாரத்துக்கு ராகு விலகிவிட்டான். விளக்கு ஏறியது, கைதட்டல், பேச்சு. பந்தலில் டோக்கன் எண்ணை வாசித்து, பாயையும் எழுப்பி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவை எட்டாமலே கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான் பந்தலுக்குத் திரும்புவதற்குள் அடையாறுப் பையன் பாயின் விரலைக் குத்தி முடித்திருந்தான். எண் இருநூறைத் தாண்டியிருந்தது. கரும்புச் சாறு குடித்தவருக்கு வேறென்ன வரும்? அவனுக்கு அது தெரியும், கண்ணால் பார்த்தவன். ஆனால் எண்ணை உற்சாகமாக உரக்கப் படித்தான்.

மேடம் கையில் மைக்கோடு வரிசையை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். டிவி நிகழ்ச்சி நடத்துபவரைப்போல பாயின் தோளில் கை வைத்தார்.

"பார்த்தேளா! வெறும் வயித்துலயே இவ்வளவு! சொல்லுங்க பாய், உண்மையைச் சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

பாய் ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு மைக்கில், "நேத்து ராத்திரி ஒரு கல்யாண வூடு மேடம். ஸ்வீட் நெறய துன்ட்டேன். தப்புதான்" என்றார்.

கூட்டம் சிரித்தது. விருந்தினரும் சிரித்தார். ஹாலுக்குள் பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி எழுந்து நின்று, திறந்திருந்த கதவு வழியாக அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேடத்தின் கையிலிருந்த மைக்கை இழுத்து, "அவர் எதுவும் சாப்பிடல. ஊசி போட்டுட்டு மூணு மணி நேரம் பட்டினி கெடந்து மயங்கப் பாத்தாரு. கரும்புச் சாறு கொடுத்தது நான்" என்றேன்.

மேடம் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"நம்ம குழந்தையோட மனசைப் பாருங்க. பேஷண்ட் மானம் போகக்கூடாதுன்னு பழியைத் தன் மேலயே போட்டுக்கறா. இதுதான் நாங்க கத்துக்குடுக்கறது!"

கைதட்டினார்கள். எனக்குத்தான். போட்டோக்காரர் என்னையும் பாயையும் சேர்த்து நிற்கச் சொன்னார். பொய்யை நம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; உண்மையைக் கேட்டுவிட்டு அதற்குக் கைதட்டி மூடிவைக்கிறவர்களை அங்கேதான் பார்த்தேன்.

முகாமுக்கென்று ஒரு மணி நேரத்துக்கு வந்திருந்த டாக்டரம்மா போனைப் பார்த்துக்கொண்டே சீட்டில் இன்சுலின் அளவை ஏற்றி எழுதினார். குனிந்து சொன்னேன், "டாக்டர், அது ஃபாஸ்டிங் ரீடிங் இல்ல."

"பேஷண்ட்டே மைக்குல ஒத்துக்கிட்டாரேம்மா," என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கேட்டருகே பாயின் மனைவியைப் பிடித்தேன். அவர் புருஷனிடம், "எந்தக் கல்யாணம்? யாரு வூட்டுக் கல்யாணம்? எனக்குத் தெரியாம எப்ப போன?" என்று வழிமறித்து நின்றார். பாய் ஆட்டோவுக்குக் கை காட்டினார். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன்.

"நீ அவர காப்பாத்தாதமா," என்றார் அந்த அம்மா. "மேடமே மைக்குல சொல்ட்டாங்க. டாக்டரு எழுதிக் குட்த்துட்டாங்க. இன்னிக்கு சாய்ந்தரத்துலர்ந்து ஏத்திப் போட்டாதான் இந்த ஆளு வயிக்கு வருவாரு."

சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். காலையில் அரைகுறையாகத் தப்பித்த மனிதர், சாயங்காலம் அந்த எழுத்தை நம்பி ஏற்றிப் போட்டுக்கொண்டால் ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. பங்களாவிலோ மத்தியானம்வரை சாப்பாடு, குரூப் போட்டோ, நன்றியுரை. அடையாறுப் பையன் ஒரு தட்டு ராகி இட்லியோடு வந்து, "செம்ம இம்பாக்ட் மச்சி இன்னிக்கு" என்றான். அவனிடம் பதில் பேசுவதைவிட அந்த இட்லியிடம் பேசலாம்.

சாயங்காலம் சர்வே மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பாய் சாப்பிட உட்காருவதற்குமுன் சட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அவர் மனைவி ஒரு கையில் டாக்டரம்மா எழுதிய சீட்டும் இன்னொரு கையில் இன்சுலின் பேனாவுமாக, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து அளவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம். குத்திப் பாத்துட்டுப் போடுங்க," என்றேன். "எம்பேச்ச நம்ப வேணாம். இந்த மெஷின நம்புங்க."

அந்த அம்மாவுக்கு என் மேல் எரிச்சல்தான். ஆனால் கையை நீட்டு என்பதுபோல புருஷனுக்குச் சைகை காட்டினார். குத்தினேன்.

நூற்றுப் பத்து.

"மத்தியானம் இன்னா சாப்ட்டாரு?" என்று கேட்டேன். எனக்கும் அந்த ஊர் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெனம் துன்றதுதான். நாஸ்டா மாத்தல, சோறு மாத்தல." அந்த அம்மா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்வீட் துன்ட்டு சர்க்கர ஏறிகினு கீதுன்னா, இவ்ளோதான் காட்டுமா?"

"காட்டாது. இதுதான் அவரோட நெஜமான சுகர். பழைய அளவே போடுங்க. திங்கக்கிழமை நீங்க எப்பவும் பாக்குற டாக்டர்கிட்ட போங்க. ஏத்தறதா எறக்கறதான்னு அவரே சொல்லட்டும்."

"அப்போ கல்யாணம்?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டார்.

"எந்தக் கல்யாணமும் இல்ல," என்றார் பாய். "அந்தப் புள்ளைக்கு ஒரு வருசம் போய்டுமேன்னு சொன்னேன்."

அந்த அம்மா பேனாவைத் திருப்பிப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். ஊசி போட்டார். தட்டில் சப்பாத்தி வைத்து, அவர் முதல் வாய் சாப்பிடுகிறவரை பக்கத்திலேயே நின்றார். பிறகு மீட்டரை என்னிடமிருந்து வாங்கி, அணைந்துபோகும் அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அத்தினி பேரு முன்னால சிரிச்சாங்களே," என்றார். "இத யாரு மைக்குல சொல்லுவா?"